கசக்குதா, முத்லக்?

1

சென்ற வியாழக்கிழமை, கலஃபின் கூடாரத்தில், முத்லக் என்கிற ஒட்டகக்காரன் தன் கையில் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் தரையில் வைத்தான். இந்தக் கதைக்கு விதை அதுதான். கொலை இல்லை, புதையல் இல்லை. ஒரு சின்னக் கிண்ணம், அதில் இரண்டு மடக்குக் காப்பி.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்பீர்கள். நம் ஊரில் விருந்தாளி காப்பியைக் கீழே வைத்தால், "சர்க்கரை போதலையா?" என்று கேட்டுவிட்டு வேறு வேலை பார்ப்போம். இங்கே ஒருவன் காப்பியைத் தொடாமல் கீழே வைத்தால் கூடாரத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் மூச்சு நின்றுவிடும். ஏன் என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

நான் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். அரபு நாட்டில், ஹாயில் ஊருக்கு வடக்கே, நஃபூத் பாலைமணல் தொடங்கும் இடத்தில், என் ஆயுளில் பாதிக்கு மேல் இந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னால்தான் கழிந்தது. எல்லாரும் என்னை ரஃபீக் என்பார்கள். வெளியூர்க்காரன் எவனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், தோழன் என்று அர்த்தம். கிணற்றடியில் வண்டி நிறைகிற நேரத்தில் கைப்பேசியில் கதை தட்டுவேன். ஆகவே ஒரு வாக்கியம் பாதியில் நின்றால் தொட்டி நிரம்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை உத்தி என்று யாரும் பாராட்ட வேண்டாம்.

2

தொடக்கம் அமையவில்லை. எழுதிக் கைவிட்டவை இவை:

"எல்லையற்ற மணல்வெளியில் செஞ்சூரியன் மெல்ல—"

(அரபு நாட்டுக் கதை என்றால் சூரியனில்தான் தொடங்க வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்? அன்றைக்கு மேகமூட்டம். நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.)

"அரபு நாட்டார் மருத்துவத்தில் மூலிகைகளின் பயன்பாடு மிகத் தொன்மையானது. அதன் வேர்கள்—"

(எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

"முத்லக்குக்கு முழங்கால் வலி."

இது போதும். இதில் ஆள் இருக்கிறான், வலி இருக்கிறது. கதைக்கு வேறென்ன வேண்டும்?

3

முத்லக்குக்கு முழங்கால் வலி. மனைவி போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. ஒரே மகனுக்கு ரியாத்தில் வேலை. துணை என்று சொல்ல ஒட்டகங்கள்தான். அவற்றிடம் போய் முழங்கால் வலிக்கிறது என்று புலம்ப முடியுமா? நாள் முழுக்க முழங்காலை மடக்கி நீட்டுகிற பிறவிகள். ஆகவே பிக்கப்பை எடுத்துக்கொண்டு ஜவ்ஸாவிடம் வந்தான்.

ஜவ்ஸா கலஃபின் தங்கை. இளம் வயதில் புருஷனை இழந்து அண்ணனோடு வந்து இருப்பவள். இப்போது தலையில் நரை, கையில் மருந்து வாசனை. கூடாரத்தின் பெண்கள் பக்கத்தில் அவளுடைய பைகள் வரிசையாகத் தொங்கும். கருஞ்சீரகம், வெந்தயம், நிலாவாரை, வெள்ளைப்போளம், இலந்தை இலைப் பொடி, மழைக்குப் பிறகு மேட்டில் போய்ப் பிடுங்கி வந்த சாம்பல்நிற ஜஃதாச் செடி. காய்ச்சலுக்கு ஜஃதாக் கஷாயம், முடிக்கு இலந்தை, பிள்ளை பெற்றவளுக்கு வெந்தயக் கஞ்சி. தன்னால் ஆகாது என்று பட்டால், "இது என் கையில இல்ல, ஆஸ்பத்திரிக்கு ஓடு!" என்று விரட்டிவிடுவாள். அந்த விரட்டலுக்காகவே அவளை எல்லாரும் நம்புகிறார்கள்.

முழங்காலுக்கு அவள் வைத்தியம் பேய்க்குமட்டிக்காய். குழந்தைத் தர்பூசணி மாதிரி மணலில் உருண்டு கிடக்கும். இரண்டாக வெட்டி, சுடு சாம்பலில் வாட்டி, குதிகாலுக்கு ஒரு பாதியாகத் தரையில் வைப்பார்கள். அதன்மேல் காலை ஊன்றி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். காயின் கசப்பு கால் வழியே ஏறி நாக்குக்கு வரும்.* வந்துவிட்டால் மருந்து உடம்பில் சேர்ந்தது என்று கணக்கு. வைத்தியம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம், திரும்ப வர வேண்டியதில்லை.

* காலில் வைத்தது நாக்கில் எப்படிக் கசக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். வைத்துப் பார்த்தவர்கள் கசக்கிறது என்கிறார்கள். தயவுசெய்து அந்தக் காயை வாயில் மட்டும் போட்டுவிடாதீர்கள். குடலைப் பிடுங்கி வெளியே போட்டுவிடும்.

ஆண்கள் பக்கத்தில் முத்லக் உட்கார்ந்திருந்தான். நடுவில் கம்பளித் திரை. அந்தப் பக்கத்திலிருந்து ஜவ்ஸாவின் குரல் வந்தது.

"கசக்குதா, முத்லக்?"

கசந்தது. உட்கார்ந்து கொஞ்ச நேரத்திலேயே, அடித்தொண்டையிலிருந்து நுனிநாக்கு வரைக்கும் கசந்தது. ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அப்போதுதான் அவனுக்கு ஒன்று தோன்றியது. ஆமாம் என்றால் காலைத் துடைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்தப் பக்கத்துக் குரல் இனி காதில் விழாது. அவன் மேல் அக்கறையாக ஒருத்தி கேள்வி கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது!

"இல்ல," என்றான்.

"கொஞ்சம்கூடவா?"

"பச்சத் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு."

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சரி, நாளைக் கழிச்சு மறுபடி வாங்க,"** என்றாள் ஜவ்ஸா. அப்படியே வந்தான். மறுபடியும் வந்தான். குளிர்காலம் முற்றிவிட்டது. முழங்கால் வலி எப்போதோ போய்விட்டது. கசப்பு மட்டும் வரவே இல்லையாம்.

 ** அரபியில் நீ, நீங்க என்ற பாகுபாடு இல்லை. சுல்தானும் "நீ"தான், சமையல்காரனும் "நீ"தான். ஆனால் நான் தமிழில் எழுதித் தொலைக்க வேண்டுமே. "நீங்க" போட்டால் இருவரும் தள்ளி நிற்கிறார்கள், "நீ" போட்டால் கலியாணமே முடிந்த மாதிரி இருக்கிறது. இப்போதைக்கு "நீங்க".

4

கலஃபை என்ன செய்வது என்று தெரியவில்லை.

[முதல் பிரதியில் வில்லனாக்கிப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. அவனுக்கு இருப்பது வெள்ளைக் குறுந்தாடி.]

கலஃப் கெட்டவன் இல்லை, விருந்தாளிப் பைத்தியம். காலையில் எழுந்ததும் காப்பிக்கொட்டை வறுப்பான், ஏலக்காய் இடிப்பான், அப்புறம் வாசலில் நின்றுகொண்டு தூரத்தில் புழுதி கிளம்புகிறதா என்று பார்ப்பான். புழுதி என்றால் வண்டி, வண்டி என்றால் ஆள். ஆள் வந்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். ஆனால் வருகிற வண்டிகளெல்லாம் தங்கையின் மருந்தைத் தேடி வருகிறவை என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? அவள் போய்விட்டால் புழுதியும் போய்விடும்.

அதனால் ஜவ்ஸாவைப் பெண் கேட்டு வந்தவர்களை அவன் விரட்டவில்லை, உபசரித்தே ஒழித்துக்கட்டினான். ஒருவனிடம், "மழையே இல்லாத வருஷத்துல யாராவது கலியாணப் பேச்சு எடுப்பாங்களா?" என்றான். அடுத்த வருடம் மழை கொட்டியது. "இந்த மழையில கலியாணமா?" என்றான். இன்னொருவனுக்கு முழு ஆட்டை அறுத்துச் சோற்றின்மேல் வைத்து ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தான். வந்த காரியத்தை மறந்து அந்த ஆள் அங்கேயே சாய்ந்து குறட்டை விட்டுவிட்டான்.

முத்லக்கும் சும்மா இருக்கவில்லை.

"கலஃப், உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"பேசலாம் பேசலாம். முதல்ல காப்பி!"

"அதில்ல, நான் சொல்ல வந்தது—"

"பேரீச்சம்பழம் எடுத்துக்கோ. வாயில போடு. ம், இன்னொண்ணு."

வாய் நிறையப் பழத்தை வைத்துக்கொண்டு எவன் பெண் கேட்பான்?

ஜவ்ஸாவே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். இந்த ஊர்ப் பெண்களுக்கு வாய் இல்லை என்று நீங்கள் நினைத்தால் நீங்கள் ஜவ்ஸாவின் வாயைக் கேட்டதில்லை. சொல்லத் தெரியும் அவளுக்கு. நாலு பேர் முன்னால் அண்ணன் முகம் சுண்டிப்போவதைப் பார்க்கத்தான் மனசு இல்லை. இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. தனக்கென்று ஓர் அடுப்பு, ஒரு வாசல், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு மனிதன் வேண்டும் என்ற ஆசை மட்டும் எங்கேயும் ஓடவில்லை. இந்தக் குளிர்காலத்துக்குள் அது நடக்காவிட்டால் இனி எப்போதும் நடக்காது என்று அவளுக்குத் தெரியும். கேட்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

5

ஒருநாள் திரைக்குப் பின்னாலிருந்து ஜவ்ஸா சொன்னாள்:

"முத்லக், எனக்கு ஒரு சந்தேகம்."

முத்லக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். "என்ன சந்தேகம்?"

"எங்க அண்ணன் போடுற காப்பியும் கசப்புதானே? அந்தக் கசப்பு நாக்குல குந்திக்கிட்டு இந்தக் கசப்ப ஏற விடாமப் பண்ணுது. அடுத்த தடவ வந்தா காப்பியத் தொடக் கூடாது."

"ஒரு கிண்ணம்கூடவா?"

"ஒரு சொட்டுகூட. மீறிக் குடிச்சா அதோட சரி. இங்க வர வேண்டியதே இல்ல."

"குடிக்கல, குடிக்கல! எப்ப வரட்டும்?"

"வியாழக்கிழமை."

வியாழக்கிழமை வந்தது. என் வண்டியும் வந்தது. குழாயை மாட்டிவிட்டு நான் கூடாரத்து வாசலில் நின்றிருந்தேன். உள்ளே வேறு குலத்துப் பெரியவர்கள் இருவர், கலஃபின் விருந்தாளிகளாக. முத்லக் குமட்டிக்காயில் காலை ஊன்றி, கம்பளிக்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தான். கலஃப் இடக்கையில் காப்பிக் கூஜாவும் வலக்கையில் கிண்ணங்களுமாக உற்சாகத்தில் மிதந்துகொண்டிருந்தான். பெரியவர்களுக்கு ஊற்றினான். முத்லக்கிடம் வந்தான்.

நீட்டிய கிண்ணத்தை வாங்காமல் இருப்பது அவமரியாதை. முத்லக் வாங்கினான். குடிக்கக் கூடாது. கிண்ணமோ விரலைச் சுட்டது. என்ன செய்வான் பாவம்? பக்கத்தில், விரிப்பின்மேல், மெதுவாக இறக்கி வைத்தான்.

பேச்சு நின்றது. இப்போது சொல்கிறேன். இந்த மக்களிடம் விருந்தாளி காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால், "பெரிய காரியம் ஒன்று கேட்டு வந்திருக்கிறேன், தருகிறேன் என்று சொன்னால்தான் குடிப்பேன்" என்று பொருள். கொலைப் பழியை மன்னிக்கச் சொல்லி வருகிறவன் வைப்பான். அடைக்கலம் கேட்பவன் வைப்பான். பெண் கேட்பவன் வைப்பான். வீட்டுக்காரனுக்கு அதற்கு மேல் தப்ப வழியில்லை.

ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "கலஃப், உன் விருந்தாளி காப்பியக் கீழ வச்சுட்டான்."

கலஃப் நிமிர்ந்தான். சாட்சிக்கு இரண்டு பேர், அதுவும் அடுத்த குலத்தார். அவன் குரல் வாசலைத் தாண்டி என் லாரிவரை கேட்டது.

"குடி, முத்லக்! நீ எதக் கேட்டு வந்தாலும் அது உனக்குக் கொடுத்தாச்சு!"

என்ன செய்துவிட்டோம் என்று முத்லக்குக்கு அப்போதுதான் உறைத்தது. இஞ்சி தின்ற குரங்கு மாதிரி முழித்தான். தற்செயல்தான், ஆனால் எப்பேர்ப்பட்ட தற்செயல்!

6

முதல் பிரதியில் முத்லக் உண்மையைச் சொன்னான். "ஐயையோ, எனக்கு ஒண்ணும் வேணாம்பா. உன் தங்கச்சிதான் காப்பி குடிக்கக் கூடாதுன்னா." எல்லாரும் சிரித்தார்கள். கதை முடிந்தது.

அப்படி நடக்க வழியே இல்லை என்று பிறகு புரிந்தது. வீட்டுக்காரனை வாக்குக் கொடுக்க வைத்துவிட்டு, "சும்மா வச்சேன்" என்றால் அடுத்த குலத்துக்காரர்கள் அந்த வேடிக்கையை ஊர் ஊராகச் சொல்லிச் சிரிப்பார்கள். கலஃப் தலைகாட்ட முடியாது. போதாக்குறைக்கு, ஏன் இத்தனை நாளாகக் கசப்பு ஏறவில்லை என்ற பேச்சும் வந்துவிடும். ஆக, முத்லக் எதையாவது கேட்டே ஆக வேண்டும்.

கலஃபின் கண் தன்னையறியாமல் வெளியே கட்டியிருந்த வெள்ளைப் பெண் ஒட்டகத்தின் பக்கம் போனது. போச்சு, அதைத்தான் கேட்கப்போகிறான் என்று அவன் நெற்றியில் எழுதியிருந்தது.

முத்லக் திரையைப் பார்த்தான். கேள் என்று அவன் மனசு அடித்துக்கொண்டது. இப்போது கேட்டால் கலஃபால் மழை என்றும் சொல்ல முடியாது, வெயில் என்றும் சொல்ல முடியாது. ஆனால் பாக்கிக்கு ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி ஜவ்ஸாவைக் கூட்டிக்கொண்டு போவதா? அவளை அப்படி வாங்கிக்கொள்ள அவனுக்குப் பிடிக்கவில்லை.

"கலஃப்," என்றான். "நான் ஜவ்ஸாகிட்ட ஒரு கேள்வி கேக்கணும். அவ என்ன பதில் சொன்னாலும், சரின்னு சொன்னாலும், போடான்னு சொன்னாலும், நீ குறுக்க வரக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்."

"என்ன கேள்வி?"

"என்னக் கட்டிக்கிறியான்னு."

கலஃப் வாயைத் திறந்தான். பேரீச்சம்பழத் தட்டைத் தேடி அவன் கை தானாகப் போனது. பெரியவர் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கொடுத்தாச்சு," என்றான் கலஃப், சத்தமே வராமல்.

திரைக்கு அந்தப் பக்கம் மருந்து இடித்துக்கொண்டிருந்த உலக்கை நின்றது.

"அடுத்த வியாழக்கிழமை சொல்றேன்," என்றாள் ஜவ்ஸா. "இப்பக் கால எடுங்க, முத்லக். தோல் வெந்துரும்."

முத்லக் காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். அந்த நேரம் பார்த்து வெளியே தொட்டி நிரம்பி வழிய, நான் ஓடினேன்.

7

இதுவரை எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை தண்ணீரோடு போனேன். ஜவ்ஸா வெளியே ஜஃதாச் செடிகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மருந்து விஷயத்தில் பிழை வந்துவிடக் கூடாதே என்று கேட்டேன்.

"ஒரு கதை எழுதுறேங்க. குமட்டிக்காய்ல கால் வச்சிருக்கவங்க காப்பி குடிக்கக் கூடாது, சரிதானே?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான். முத்லக்கிட்ட."

முகத்திரைக்கு மேல் அவள் கண் இரண்டும் சிரித்தன. கலஃப் பக்கத்தில் இல்லையே என்று ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"அட மக்கு ரஃபீக்! இது கால் வழியா ஏறுற மருந்து, காப்பி தொண்டை வழியா இறங்குறது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கால அதுல வச்சுக்கிட்டுக் காப்பி குடிக்காதவன் இந்தப் பக்கத்துலயே கிடையாது."

கைப்பேசி தொட்டிக்குள் விழப் பார்த்தது.

[ஐந்தாம் பகுதியில் "தற்செயல்" என்று எழுதியிருக்கிறேன், அதுவும் இரண்டு தடவை. அடிக்கப் போவதில்லை. என் அசட்டுத்தனத்துக்கு அத்தாட்சியாகக் கிடக்கட்டும். கதையை நான்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னாலேயே ஒருத்தி எழுதி, ஆள் பிடித்து, சாட்சிக்கு இரண்டு பெரியவர்கள் வருகிற நாளாகப் பார்த்து அரங்கேற்றியும் விட்டாள்.]

"அப்ப முத்லக் பொய் சொன்னதும்..."

"முதல் நாளே தெரியும். தலைத்துணி நுனியக் கடிச்சுக்கிட்டு 'இல்ல'ங்கிறார். கசக்காதவர் எதுக்குத் துணியத் திங்கணும்? திரையில ஒரு ஓட்டை இருக்கு. அவருக்கு வந்த பொய்ய அவர் சொன்னார், எனக்கு வந்த பொய்ய நான் சொன்னேன்."

"அப்ப அன்னைக்கே சரின்னு சொல்லியிருக்கலாமே!"

"ஏன் சொல்லணும்? நான் எத்தன வருஷம் காத்திருந்தேன்! ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஒரு வாரம் காத்திருக்கட்டும், உயிரா போயிரும்?" சிரித்தாள். அப்புறம் ஒரு செடியை எடுத்துத் திருப்பிப் போட்டாள். "அண்ணன் முகத்தப் பாத்தியா, ரஃபீக்? போகணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. அவன விட்டுட்டுப் போறதுதான் வலிக்குது. இதுக்கு என்கிட்டயே மருந்து இல்ல."

"என்ன சொல்லப் போறீங்க?"

"நீதானே கதை எழுதுறவன்? நீயே எழுது."

8

இன்று புதன்கிழமை. கிணற்றடியில் இருக்கிறேன். நாளை அவள் பதில் சொல்ல வேண்டிய நாள். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு வீம்பு.

முடிவு: ஜவ்ஸா வருகிறேன் என்கிறாள். மருந்துப் பைகள் முத்லக்கின் பிக்கப்பில் ஏறுகின்றன. மறுநாள் கலஃப் காப்பி வறுத்துவிட்டு வாசலில் வந்து நிற்கிறான். புழுதி கிளம்பவில்லை. அவன் இன்னும் கொஞ்ச நேரம்—

(முடியவில்லை. அவன் கையால் இத்தனை வருடம் குடித்துவிட்டு, அவனை அப்படித் தனியாக நிற்க வைக்க எனக்கு மனசு வரவில்லை.)

வேறு முடிவு: ஜவ்ஸா வரமாட்டேன் என்கிறாள். அண்ணனுக்காக. தியாகம். கண்ணீர்.

(சீ. தன் வாழ்க்கைக்கு இவ்வளவு சாமர்த்தியமாக வழி வெட்டியவளை அந்த வழியில் நடக்கவிடாமல் செய்ய நான் யார்? அழித்துவிட்டேன்.)

மற்றொன்று: அவள் ஒரு நிபந்தனை போடுகிறாள். முத்லக் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு இங்கேயே வந்து, கலஃபின் கூடாரத்துக்கு எதிரே தன் கூடாரத்தை அடிக்கிறான். அவளுக்குத் தனி அடுப்பு, தனி வாசல். அண்ணனுக்குப் பழைய புழுதி. வீட்டோடு மாப்பிள்ளை என்று முத்லக்கின் குலத்தார் கேலி செய்து கொல்வார்கள். குமட்டிக்கசப்பையே பச்சைத் தண்ணீர் என்றவன், கேலியைத் தாங்கமாட்டானா? தாங்குவான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒட்டகக்காரனுக்கு அவன் கிணறு என்றால் உயிர் ஆயிற்றே, அதை விட்டு—

கைப்பேசி அடிக்கிறது. கலஃப்.

எடுத்தேன். போனில் அவன் எப்போதும் கத்துவான். இன்று கத்தலோடு குரல் உடைந்தும் இருந்தது.

"ரஃபீக்! நாளைக்கு ஒரு வண்டி பத்தாது. ரெண்டு வண்டி கொண்டா!"

"என்ன விசேஷம்? நாளைக்குத்தானே ஜவ்ஸா..."

"அவ இன்னைக்கே சொல்லிட்டா!"

"என்னன்னு சொன்னாங்க?"

"ரெண்டு வண்டின்னு சொல்றேன்ல? அதுக்கு மேல என்ன கேள்வி உனக்கு?" மூக்கை உறிஞ்சினான். உடனே சிரித்தான். பின்னால் ஒரே இரைச்சல். பெண்கள் குலவையிடுகிறார்களா, ஒட்டகங்கள் கத்துகின்றனவா, காற்றில் ஒன்றும் பிடிபடவில்லை. வைத்துவிட்டான்.

தங்கையை வழியனுப்பும் கலியாணத்துக்குச் சோறு ஆக்கவும் இரண்டு வண்டித் தண்ணீர் வேண்டும். எதிரே புதிதாகக் குடிவந்த ஒட்டகங்கள் குடிக்கவும் இரண்டு வண்டித் தண்ணீர் வேண்டும். கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்கப் போவதில்லை. எது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எதை வைத்தாலும் ஜவ்ஸாவுக்கு அடுப்பு எரிகிறது. எனக்கு இப்போது இரண்டாவது வண்டிக்கு ஆள் பிடிக்க வேண்டும், இங்கே தொட்டி வேறு நிரம்பி